வெள்ளையாக விட்ட சரிவு

"இங்கதான் ஆளே இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலிருந்து வந்திருந்த பதினேழு பேர் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பதினான்கு பெண்கள், மூன்று ஆண்கள். வெளியே சாரல். நனைந்த சேலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி அவர் செருப்பு வரைக்கும் போய்விட்டது. அவர் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டாரே தவிர, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த மேசைக்காரர் பக்கத்து மேசையைக் கைகாட்டுவார், அவர் மாடியைக் காட்டுவார். போடியில் மழைக்கு ஒழுகுகிற ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் விரித்திருந்தது மக்கள்தொகை வரைபடம். ஆள் நெருக்கமான இடம் கருஞ்சிவப்பு, குறைந்த இடம் இளஞ்சிவப்பு, ஆளில்லாத இடம் வெள்ளை. போடி நகரம் அடிபட்ட முழங்கால் மாதிரி சிவந்து கிடந்தது. மேற்கே போகப் போக நிறம் வெளுத்து, குரங்கணிப் பக்கம் லேசாக ஒரு ரோஸ் தீற்றல். அதைத் தாண்டினால் மலைச்சரிவு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் ஈச்சமேடு இருக்கிறது. முப்பத்தாறு வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு முனியாண்டி கோயில்.

"ஆள் இல்லாத மலைக்கு எந்நேரமும் ரோடு எதுக்கும்மா தெறந்து கெடக்கணும்? அதான் அடிவாரத்துல கேட்டு போடுறோம். காலைல எட்டுக்குத் தெறப்போம், சாயங்காலம் அஞ்சுக்குப் பூட்டுவோம்."

பேச்சியம்மா முன்னால் வந்தாள். ஏலத்தோட்டத்தில் முப்பது வருடமாகப் பழம் எடுக்கிறவள். விரல் நகங்களில் ஏறிய கறுப்புக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

"சார், எங்களக் கூட்டிப் போற ஜீப்பு காலைல அஞ்சுக்கு வரும். பார்டர் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வர ஆறாயிரும். நீங்க எட்டுக்குத் தெறந்து அஞ்சுக்குப் பூட்டுனா நாங்க எப்பிடிச் சோலிக்குப் போறது?"

"நீங்கதான் மேப்புலயே இல்லையேம்மா."

எனக்குக் கோபம் வந்தால் குரல் வகுப்பறைக் குரலாகிவிடும். இருபத்தெட்டு வருடம் புவியியல் நடத்திய தொண்டை. அவர்களுக்காகப் பேசத்தான் நான் வந்திருந்தேன். "மேப்பைப் பார்த்து ஆளை இல்லைங்கிறீங்களே, ஆளைப் பார்த்து மேப்பை இல்லைன்னு சொல்லத் தெரியாதா? எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து வரைஞ்ச காகிதம்" என்று ஆரம்பித்தேன்.

அவர் நிதானமாக ஒரு கோப்பைப் பிரித்து, பழுப்பேறிய நகல் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "ஏசி ரூமுல வரைஞ்சது இல்ல டீச்சர். ஒரு ஆளு நேர்ல மலையேறிப் போயி, வீடு வீடாப் பாத்து, கையால போட்ட படம். அதை வச்சுத்தான் மத்ததெல்லாம். நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தேன். ஓடை, கோயில், தொட்டி. வீடுகள் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு. ஆளில்லாத வீடு என்பதற்கு அடையாளம் அது. மேல் மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு. அம்பின் வாலில் கோழியிறகு மாதிரி இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீற்றுகள்.

உலகத்தில் வடக்கு அம்புக்கு இறகு போடுகிற பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பைத்தியம் அந்த நேரத்தில் அந்த மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றது.

குரங்கா பறிச்சது?

அந்த இறகு எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வரும் பழக்கம். அத்தா கடையில் உட்கார்ந்து போட்டது முதல் அம்பு.

அத்தாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. போன வாரம் இந்தத் தொடரில் அந்தக் கடையைப் பற்றி எழுதியதற்கு, வாசனையை எழுதவில்லையே என்று கம்பத்திலிருந்து ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். ஐயா, ஏலக்காய்க் கடைக்காரர் பிள்ளைக்கு ஏலக்காய் வாசனை தெரியாது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்தால் எப்படித் தெரியும்? வெளியூர் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு நொடி தெரியும். அப்புறம் போய்விடும்.

பள்ளியில் மாவட்ட வரைபடத்துக்கு வர்ணம் தீட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஆள் எவ்வளவு பேர் என்று பார்த்து நிறம் போட வேண்டும். சாக்குமேல் அட்டையை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு தீட்டிக்கொண்டிருந்தேன். அத்தா சலித்த காயைக் கையில் அள்ளிப் பார்த்தபடியே எட்டிப் பார்த்தார்.

"மேக்க என்னம்மா வெள்ளையா விட்டுட்ட?"

"அது மலை அத்தா. அங்க ஆள் கெடையாது. புஸ்தகத்துல போட்டிருக்கு."

அத்தா கையிலிருந்த காயை என் அட்டைமேல் பொலபொலவென்று கொட்டினார். "ஆளே இல்லன்னா இதை யாரு பறிச்சா? குரங்கா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வர்ணம் காயவில்லை, காயெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. புத்தகத்தில் இருந்தபடியே வெள்ளையாக விட்டுத்தான் கொடுத்தேன், பத்துக்குப் பத்து வாங்கினேன். அத்தா தோற்றுப்போனார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி

வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனபின் ஒரு கணக்கெடுப்பு வந்தது. ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள். மலைப்பகுதிக்குப் போக யாரும் முன்வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். புவியியல் டீச்சர் அல்லவா, வீராப்பு.

ஈச்சமேட்டுக்கு மண் பாதை. அரிசி ஏற்றிக்கொண்டு போன லோடு ஜீப்பு ஒன்றில் தொற்றிக்கொண்டு போனேன். "பன்னெண்டு மணிக்குத் திரும்பிருவேன் டீச்சர், விட்டா நாளைக்குத்தான்" என்று டிரைவர் சொல்லிவிட்டு, இன்னும் மேலே போய்விட்டார். நான் ஊருக்குள் நடந்தபோது பதினோரு மணி.

ஒரு வீட்டிலும் பூட்டு இல்லை. ஒரு வீட்டிலும் ஆளும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே ஓர் ஈச்ச மட்டை கிடந்தது, முள் வெளியே பார்த்தபடி. முதல் வீட்டில் பார்த்தேன், இரண்டாவது வீட்டில் பார்த்தேன். பத்தாவது வீட்டுக்கு வரும்போது முடிவே கட்டிவிட்டேன்: வாசலில் முள் மண்டிப் போகிற அளவுக்குக் கைவிட்ட வீடுகள்.

டவுனில் பிறந்தவளுக்கு ஆள் வெளியே போன வீடு என்றால் பூட்டுத் தொங்க வேண்டும். இந்த ஊரில் திருட வருகிறவன் கிடையாது, குரங்குதான் வரும். பூட்டினால் கூரை வழியாக இறங்கும். வாசலில் முள்ளைப் போட்டால் காலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். விடியுமுன்னே கைப்பிள்ளை உட்பட எல்லோரும் ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் கீழே விடுதியில் தங்கிப் படிப்பார்கள். கடைசியாகக் கிளம்புகிறவள் மட்டையை இழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். இது எனக்குத் தெரியாது.

தெரியாதது தப்பில்லை. இனிமேல் எழுதப்போவதுதான் தப்பு.

ஒரு வீட்டுக் கொடியில் பாவாடை ஒன்று ஈரமாகத் தொங்கியதைப் பார்த்தேன். ஒரு கோழி ஏழு குஞ்சுகளோடு மேய்ந்ததைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு பெரியவர் ஆடு ஓட்டிக்கொண்டு போனார்; கூப்பிட்டேன், காற்று எதிரே அடித்தது, அவர் திரும்பவில்லை. கைவிட்ட ஊரில் கோழிக்குத் தீனி போடுவது யார் என்று என் மண்டையில் உறைத்தது. உறைக்காமல் இல்லை.

ஆனால் காலில் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. அட்டையை உதிர்க்கக் கொண்டுபோன மூக்குப்பொடி ஈரத்தில் கட்டியாகிவிட்டது. சாரல் வேறு. யாரும் இல்லாவிட்டால் மாலையில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மாலை வரை அங்கே யார் உட்கார்ந்திருப்பது? கீழே ஜீப்பின் ஹாரன் கேட்டது. கட்டங்களுக்குக் குறுக்கே வரிசையாகக் கோடு போட்டேன். மேல் மூலையில் அழகாக ஓர் அம்பு வரைந்து இறகும் வைத்தேன். மதியச் சோற்றுக்கு வீட்டில் இருந்தேன். அன்றைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு.

ஒரு வரைபடம் என்பது ஏதோ ஒரு மணிக்கு எடுத்தது. எத்தனை மணிக்கு என்று மட்டும் அதில் ஒருவரும் எழுதுவதில்லை. என்னுடையது காலை பதினோரு மணி.

அங்கே பாண்டி, இங்கே ஆக்கிரமிப்பு

அந்தக் கணக்கு முடிந்து கொஞ்ச காலத்தில் மாநில எல்லையில் பிரச்சினை வந்தது. அணை விவகாரம். இரண்டு பக்கமும் கொடி, இரண்டு பக்கமும் கோஷம், மலைப்பாதையில் வண்டி ஓடவில்லை. அந்தப் பக்கத் தோட்டங்களில் வேலைக்குப் போயிருந்த நம் ஆட்கள் பயந்துபோய், காட்டுவழியே நடந்து இறங்கினார்கள். மலை வீடுகளுக்குத் திரும்பப் பயந்த ஒரு கூட்டத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்தோம். என் வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே, குக்கரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

பேச்சியம்மாவை முதலில் பார்த்தது அங்கேதான். சுவரில் மாட்டியிருந்த தென்னிந்திய வரைபடத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதுல பார்டரு எது?"

காட்டினேன். புள்ளியும் கோடுமாக இருந்தது.

"இதுவா? இதைத் தாண்டித்தான் தெனமும் போயிட்டு வர்றேன். காலுல ஒண்ணும் தட்டுனதில்லையே" என்றாள். கொஞ்சம் கழித்து, "அங்க போனா, தமிழாளுன்னு எளக்காரமா பாண்டிக்காரிங்கிறான். இங்க எறங்கி வந்தா, எங்கருந்து வந்தீங்க, எத்தனை நாளு இருப்பீங்கன்னு கேக்குறான். எங்க வீட்டுக்கு நான் வர்றதுக்கு எத்தனை நாளுன்னு நான் என்னத்தச் சொல்ல?"

அந்த 'எங்க வீடு' ஈச்சமேட்டில் இருக்கிறது என்று சொன்னாள். நானும் தலையாட்டினேன். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. முப்பத்தாறு கட்டத்துக்குக் கோடு போட்ட கை, ஒரு வருடத்தில் ஊர்ப் பெயரையே மறந்துவிட்டது. அந்த மேசையில் அம்பைப் பார்க்கும் வரை நினைவு வரவேயில்லை. நான் வெட்கப்படுகிற விஷயங்களில் இது முதலாவது.

பிரச்சினை ஓய்ந்ததும் கீழே இறங்கியவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்; வேலை இல்லாததால் பகலிலும் அங்கேயே இருந்தார்கள். அதிகாரிகளின் கண்ணுக்கு அப்போதுதான் ஈச்சமேட்டில் புகை தெரிந்தது. வரைபடத்தில் வெள்ளை, இப்போது ஆள். ஆகவே கலவரத்தில் வந்து குந்தியவர்கள், ஆக்கிரமிப்பு. கணக்கு எவ்வளவு சுலபமாக நேராகிவிட்டது பாருங்கள்.

புவியியல் நடத்திய டீச்சருக்கு அரசியல் எதுக்கு என்று ஒருவர் இந்தத் தொடருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஆறு எங்கே ஓடுகிறது என்று சொன்னால் அது பாடமாம். ஆள் எங்கே இருக்கிறான் என்று சொன்னால் அது அரசியலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

டீக்கடை பெஞ்சு

ஒழுகும் அலுவலகத்துக்குத் திரும்புவோம். அம்பைப் பார்த்ததும் "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று முனகிவிட்டு வெளியே வந்தேன். இவ்வளவு நேரம் கத்தியவளுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எதிர்த்த டீக்கடையில் பேச்சியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜீப்பு ஓட்டுகிற காஜாவும் இருந்தான். என் சின்னத்தா மகன். ஈச்சமேட்டுப் பெண்களைத் தினமும் ஏற்றிப் போவது அவன்தான், என்னை இதில் இழுத்துவிட்டதும் அவன்தான்.

"பேச்சிக்கா, அந்தப் படம் நான் வரைஞ்சது" என்றேன்.

அவள் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"எந்நேரம் வந்தீக?"

"பதினோரு மணி. அந்த வருசம் அரிசி ஜீப்பு வந்த அன்னிக்கு."

"வாசல்ல மட்டை கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"அது குரங்குக்குப் போட்டது டீச்சர். உங்களுக்குப் போட்டது இல்ல."

காஜா சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கொடியில பாவாடை கெடந்திருக்குமே. அது எங்க மூத்தவளுது. அவ அன்னிக்குத்தான் பெரிய மனுசியாகி ரெண்டு நாளு. அவளத் தனியா விட முடியாம கூடவே கூட்டிக்கிட்டு, இதைக் காயப்போட்டுட்டுப் போனேன். அதையும் பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"பாத்துட்டுத்தான் ஆளில்லன்னு எழுதுனீகளா?" டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "சோலிக்குப் போனவ செத்தவளா டீச்சர்?"

எழுந்து போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். காஜா என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நீயி பஸ்சுல போயிரு" என்றான்.

பஸ்சில்தான் போனேன். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அழவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. அத்தா கொட்டிய ஏலக்காய் என் மடியில் விழுந்த மாதிரி இருந்தது.

என்னையும் எழுதுங்க

அடுத்த வாரம் கேட்டு வந்துவிட்டது. பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கேட்டு. பூட்டுப் போட ஆள் வந்த அன்றைக்கு விடியற்காலையில், ஈச்சமேட்டில் ஒருவரும் ஜீப்பில் ஏறவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நடந்து இறங்கிவந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பழம் எடுப்பு உச்சத்தில் இருக்கிற மாதம். ஒரு நாள் கூலியை விடுவது என்பது அவர்களுக்குச் சும்மா இல்லை. மூன்று நாள் விட்டார்கள்.

நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். பேச்சியம்மா என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விடவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேலே தோட்டத்திலிருந்து மலையாளச் சூப்பர்வைசர் போன் பண்ணினார். பேச்சியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "எந்தா பேச்சியே, ஆரும் வந்நில்லல்லோ! பழம் முழுக்கச் செடியில நிந்நு வெடிக்குது!"

"எங்க ஊருல ஆளே இல்லைங்களாம் சார்" என்றாள் பேச்சியம்மா. "கெவருமெண்டுல சொல்லிட்டாக. ஆள் இல்லாத ஊருல இருந்து எப்பிடி ஆள் வரும்?"

கேட்டுக்கு முன்னால் எழுந்த சிரிப்பு குரங்கணி வரைக்கும் கேட்டிருக்கும்.

மதியம் போலீஸ் வந்தது. மறியல் என்றால் வழக்கம்போல வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் விடுவார்கள். மண்டபத்து வாசலில் ஒரு பெண் காவலர் மேசை போட்டுக் கைதானவர்களின் பட்டியல் எழுத ஆரம்பித்தார். பேர், வயசு, புருசன் அல்லது தகப்பன் பேர், ஊர்.

"பேச்சியம்மா. ஐம்பத்திரெண்டு. ஊரு ஈச்சமேடு."

"போடின்னு போட்டுக்கிறேம்மா."

"போடின்னு போடாதீங்க. அங்க எனக்கு என்ன இருக்கு? ஈச்சமேடுன்னு எழுதுங்க. கதவு நம்பர் இல்ல, கோயிலுக்கு மேல்வசம் மூணாவது வீடு. அதையும் எழுதுங்க."

அந்தக் காவலர் நல்ல பிள்ளை. எழுதினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று விளங்கியது. பேச்சியம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "ஏ, எல்லாரும் வெரசா வந்து பேரைக் குடுங்கடி! வீட்டுல இருக்கிறவுகளையும் கொண்டா! அரசாங்கம் நம்ம ஊரை எழுதுது!"

அப்புறம் நடந்ததை அந்த மண்டபம் மறக்காது. மறியலுக்கு வராமல் பிள்ளையோடு வீட்டில் இருந்தவர்கள், காய்ச்சலில் படுத்திருந்தவர்கள், ஆடு ஓட்டுகிறவர் எல்லோரும் காஜா ஜீப்பில் இரண்டு லோடாக வந்து இறங்கினார்கள். "என்னையும் எழுதுங்க, என்னையும் கைது பண்ணுங்க" என்று வரிசையில் நின்றார்கள். "தாத்தா, உங்க மேல கேசு இல்ல, நீங்க போங்க" என்று அந்தக் காவலர் கெஞ்சினார். "கேசு இல்லேன்னா போடு தாயி" என்றார் ஆட்டுக்காரர்.

மாலைக்குள் ஈச்சமேடு முழுக்க, வீட்டு வரிசைப்படி, அரசாங்க முத்திரை போட்ட தாளில் ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருடம் மக்கள்தொகைப் பாடம் நடத்தியவள் எழுதாத கணக்கை, ஒரு மறியல் எழுதிவிட்டது.

உண்மையான ஒரு வரி

இருட்டுவதற்குள் அந்த அதிகாரி மண்டபத்துக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் அக்கறை.

"அந்தப் படத்துல உங்க கையெழுத்துத்தான் இருக்குன்னு ரெக்கார்டுல பாத்துட்டோம் டீச்சர். பயப்படாதீங்க. உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் பக்கத்துல இருக்கு, எங்களுக்கும் பிரச்சினை வேண்டாம். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். 'நான் போனபோது அங்கே யாரும் இல்லை.' உண்மைதான?"

உண்மைதான். அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் போனபோது அங்கே யாரும் இல்லை. அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றும். முப்பத்தாறு வீட்டையும் நேற்று முளைத்ததாக ஆக்கிவிடும். அப்புறம் கேட்டு மட்டுமில்லை, வீட்டுக்கே நோட்டீஸ் வரும்.

"தாளு குடுங்க" என்றேன். கொடுத்தார். பேனாவையும் திறந்தே கொடுத்தார்.

மூன்று பக்கம் எழுதினேன். நான் போன நேரம் காலை பதினோரு மணி. எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிற நேரம். வாசல்களில் குரங்குக்கு முள்மட்டை போட்டிருந்தது. ஒரு வீட்டுக் கொடியில் ஈரப் பாவாடை கிடந்தது. ஒரு கோழி, ஏழு குஞ்சு. ஆடு ஓட்டிப்போன ஒரு பெரியவர். மாலையில் மறுபடி போகவேண்டும் என்பது விதி. நான் போகவில்லை. அட்டை கடித்தது, பசித்தது, வந்துவிட்டேன். ஆள் இருந்ததற்கு அடையாளம் பார்த்தும் ஆளில்லை என்று கோடு போட்டது என் குற்றம். ஈச்சமேட்டு மக்கள் கலவரத்துக்குப் பின்னால் வந்தவர்கள் இல்லை. என் கணக்கெடுப்புக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார்கள். இத்துடன் கைதானவர் பட்டியலின் நகலைக் கேட்டு இணைக்கவும். கையெழுத்து: மெகருன்னிசா, புவியியல் ஆசிரியை.

அவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். "இதைக் குடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும் டீச்சர்."

"வரட்டும். எத்தனை மணிக்கு வரும்னு மட்டும் முன்னாலயே சொல்லிருங்க. வீட்டில் ஆள் இருக்கணும்."

வந்தது. மெமோ, விளக்கம், விசாரணை, தண்டனை எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தத் தண்டனைத் தாளைக் கண்ணாடி போட்டு என் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் நல்லாசிரியர் விருது என்று நினைத்து எழுந்து நின்று படிக்கிறார்கள்.

கேட்டில் எழுதியது

இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். காலை பத்து மணிக்கு வருவதாகத்தான் முதலில் கடிதம். பேச்சியம்மா காஜாவிடம் சொல்லியனுப்பினாள்: வர்றதுன்னா ஆறு மணிக்கு மேல வரச் சொல்லு, இல்லேன்னா வர வேண்டாம். மாலை ஆறரைக்கு வந்தார்கள். ஜீப்புகள் வந்து நின்று பெண்கள் இறங்கியதையும், ஒவ்வொருத்தியும் தன் வாசல் மட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனதையும், முப்பத்தாறு கூரையிலும் புகை எழுந்ததையும் பார்த்தார்கள். எழுதிக்கொண்டார்கள்.

கேட்டு இன்றும் இருக்கிறது. அதை எடுக்கவில்லை; எடுத்தால் போட்டது தப்பு என்று ஆகிவிடுமே. பூட்டு மட்டும் இல்லை. முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு அதிகாரி வருவார், இன்னொரு பூட்டு வாங்குவார். மறுபடியும் பெரிய கணக்கெடுப்பு வரப்போகிறது என்கிறார்கள். இந்தத் தடவை எந்த டீச்சர், எத்தனை மணிக்கு வருவாரோ.

அதற்காகத்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜா வந்தான். "அக்கா, பேச்சியாத்தா உன்னையக் கூட்டிவரச் சொல்லுச்சு. பிரஷ்சு புடிக்கத் தெரியுமான்னு கேட்டுச்சு."

டீக்கடைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியிருக்கவில்லை. போனேன். கேட்டுக்கு முன்னால் வெள்ளைப் பெயிண்டு டப்பாவோடு நின்றாள். "எழுதுங்க" என்றாள்.

நான் முறையாக ஆரம்பித்தேன். "'இப்பகுதியில் பொதுமக்கள் நிரந்தரமாக வசித்து வருகின்றனர்'னு போடுவோமாக்கா?"

"இப்பிடி எழுதி எழுதித்தான் எங்கள இல்லாம ஆக்குனீக. நான் சொல்றத அப்பிடியே எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நீளக் கம்பிகளில் எழுத்து நிற்காது என்று காஜா ஒரு தகரம் கட்டியிருந்தான். அது இப்படி இருக்கிறது:

இது ஈச்சமேடு. ஆள் இருக்கு. சோலிக்குப் போயிருக்கோம். ஆறு மணிக்கு மேல வாங்க.

பிரஷைக் கழுவப் போனேன். "அந்த அம்பையும் போடுங்க டீச்சர்" என்றாள். "அந்தப் படத்துல போட்டீகளே, றெக்கை வச்சு."

பெயிண்டைத் தொட்டு, "வடக்க பார்த்தாக்கா?" என்று கேட்டேன்.

"வடக்க எங்களுக்கு என்ன இருக்கு?" என்றாள் பேச்சியம்மா. "எங்க வீட்டைப் பாத்துப் போடுங்க."